‘அது அப்படித்தான் சார்’: புது எஸ்யூவியில் பிரேக் புகார் எங்கே காணாமல் போகிறது?

தேவகோட்டையில் என் பெரியப்பா வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கார் நிற்பது பின்கட்டு ஷெட்டில். ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் எடுத்த உடனே பிரேக்கை மிதித்தால் பெடல் கட்டையாக நிற்கும். சில விநாடி கழித்து மிதித்தால் வழக்கம்போல இறங்கும். ஒருநாள் எதிர்வீட்டு மதிலில் பின்பம்பர் போய் முட்டியது. காரைக்குடி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் வண்டியை விட்டார். சாயங்காலம் போன் வந்தது. “டிரையல் அடிச்சுப் பாத்துட்டோம் சார், ஒண்ணுமில்ல. இந்த மாடல்ல பெடல் அப்படித்தான் இருக்கும்.”

அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. அவர்கள் ஓட்டிப் பார்த்தது மத்தியானம், இன்ஜின் சூடான பிறகு, திருச்சி ரோட்டில். கோளாறு இருந்ததோ காலை ஆறு மணிக்கு, ஆறிப்போன இன்ஜினில், ஷெட் வாசலில். புது எஸ்யூவி வாங்கியவர்கள் பிரேக் பற்றிச் சொல்லும் குறைகள் பலவும் இந்த இடைவெளியில்தான் காணாமல் போகின்றன.

எல்லாமே அப்படிப் போய்விடுவதில்லை. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா இரண்டு ரீகால்களை ஒன்றாக அறிவித்தது. பெரியது எக்ஸ்யூவி 700. 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரான 1,08,306 வண்டிகளில், இன்ஜின் அறை வயர்கள் உராய்ந்து வெட்டுப்பட வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். எண்ணிக்கை பெரிது என்பதால் அதுவே தலைப்பானது. அதே அறிவிப்பின் ஓரத்தில் இருந்தது மின்சார எக்ஸ்யூவி 400. அந்த ஆண்டு பிப்ரவரி 16 முதல் ஜூன் 5 வரை தயாரான 3,560 வண்டிகள். பிரேக் பொட்டென்ஷியோமீட்டரின் ஸ்பிரிங் சரியாகத் திரும்பி வரவில்லை என்பது காரணம். சோதனை, சரிசெய்தல் எல்லாம் இலவசம் என்றும், உரிமையாளர்களைத் தாங்களே தொடர்புகொள்வதாகவும் நிறுவனம் சொன்னது. அந்த வண்டிக்கு விலை அறிவித்ததே அதே ஆண்டு ஜனவரியில்தான்.

பொட்டென்ஷியோமீட்டர் என்றதும் மிரள வேண்டாம். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அந்தக் குமிழுக்குப் பின்னால் இருப்பது அதுதான். திருகும் அளவுக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். பிரேக் பெடலோடு அதை இணைத்துவிட்டால், கால் எவ்வளவு தூரம் அழுத்துகிறது என்ற செய்தி வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். ஸ்பிரிங் திரும்பி வராவிட்டால், காலை எடுத்த பிறகும் மிதித்தபடியே இருப்பதாகச் செய்தி போகலாம். இரும்பும் ஆயிலும் ஒழுங்காக இருக்க, தகவல் மட்டும் பிசகுகிற புதுவகைக் கோளாறு இது. பெரியப்பா ஓட்டிப் பழகிய அம்பாசடரில் இப்படி ஒன்று வருவதற்கே வழியில்லை.

காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

அம்பாசடர் காலத்துப் பிரேக்கை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கால் மிதிக்கிறது, தண்டு நகர்கிறது, மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது, ஆயில் லைனிங்கை டிரம்மோடு அழுத்துகிறது. பிறகு வண்டிகள் கனத்தன. இரண்டு டன் எடையை ஒரு கால் பலத்தால் நிறுத்த முடியாது என்பதால் நடுவில் பூஸ்டர் வந்தது. வட்டமான தகர டப்பா போல இருக்கும். அதில் ஒரு பக்கம் வெற்றிடம். வெளிக்காற்றின் அழுத்தம் மறுபக்கத்திலிருந்து தள்ளி, நம் காலுக்குத் துணை நிற்கும். டீசல் இன்ஜின் தானாக வெற்றிடம் தராது, அதற்கென்று தனி வாக்குவம் பம்ப் உண்டு. பம்ப் எடுத்த வெற்றிடம் கசியாமல் இருக்க, பூஸ்டரின் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக். அதைப் பிறகு பார்ப்போம்.

மின்சார வண்டியிலும் ஹைபிரிட்டிலும் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்புகிறது, அதனாலேயே வண்டியும் மட்டுப்படுகிறது. அந்த வேலையில் மோட்டாருக்கு எவ்வளவு, டிஸ்க் பேடுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். அதுதான் மென்பொருள். பங்கு கைமாறும் நொடியில் கணக்கு பிசகினால், கால் அழுத்தியும் வண்டி நழுவுவது போலத் தோன்றும்.

டொயோட்டா பிரியஸில் நடந்தது இதுவே. எஸ்யூவி அல்ல, குடும்பக் கார்தான். மேடுபள்ளத்திலோ வழுக்கலிலோ மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது ஒரு கணம் பிடி விட்டுப்போகிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உரிமையாளர்கள் சொன்னார்கள். நிறுவனம் முதலில் அதை ஓட்டுபவரின் உணர்வு சார்ந்த விஷயம் என்கிற தொனியில்தான் பேசியது. நம் ஊர் பாஷையில் ‘அது அப்படித்தான் சார்’. சில நாளில் நிலைமை மாறியது. 2010 பிப்ரவரியில், உலகம் முழுக்கச் சுமார் 4,37,000 ஹைபிரிட் வண்டிகளை அழைத்து ஏபிஎஸ் மென்பொருளை மாற்றினார்கள். உணர்வென்று சொல்லப்பட்டதற்கு ரிப்பேர் செய்ய ஒரு புரோகிராம் இருந்தது.

எது இயல்பு, எது கோளாறு?

‘அப்படித்தான்’ என்பது உண்மையாக இருக்கும் சமயங்களும் உண்டு. மழை பெய்த மறுநாளோ வண்டி கழுவிய மறுநாளோ, முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரவென்று சத்தம் வந்தால், அது டிஸ்க்கில் ஏறிய மெல்லிய துரு. தானே போய்விடும். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி பேடில் ஒட்டினாலும் கீச்சிடும். திடீரென்று ஓங்கி மிதித்ததும் பெடல் காலடியில் கடகடவென்று உதைத்தால், ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். அந்த உதைப்புக்குப் பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் பலர். எடுக்கவே கூடாது.

அப்படியல்லாதவை வேறு. சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ வேறெங்கோ கசிவு. பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயிலில் காற்று. வேகத்தில் மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் சமமாக இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் பெரும்பாலும் அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ காலிப்பர் சிக்கியிருக்கும். கட்டையாக நின்றால் பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும். வெற்றிட பூஸ்டர் உள்ள வண்டியில் அதைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்தால் கட்டையாகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் உதவிக்கு ஆள் வரவில்லை.

காரைக்குடி சுற்றுவட்டாரம் சமதரை. இங்கே ஓட்டும்வரை பிரேக்கின் சூடு யாருக்கும் தெரியாது. மே மாதம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போய் இறங்கும்போதுதான் தெரியும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்குச் சுமார் 1,800 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஆட்களோடு இரண்டு டன் வண்டி என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கீழ் கியரில் வந்தால் அதில் கணிசமான பங்கை இன்ஜின் தாங்கும். நியூட்ரலிலோ மேல் கியரிலோ வந்தால், காற்றும் டயரும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதும் டிஸ்க்குகளில் சூடாக இறங்கும். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் வேறு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், ஈரம் ஏறியபின் 155 டிகிரி இருந்தாலே தேறிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சர்வீஸ் பில்லை ஏற்றுவதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

மின்சார வண்டிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறி. ராத்திரி கொடையில் விடுதியிலேயே முழுசாகச் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கினால், நிரம்பிய பேட்டரியில் மேற்கொண்டு வாங்கிவைக்க இடமில்லை. சமதரையில் பழகிய மோட்டார் பிடி, மலையுச்சியில் குறைந்துவிடும். நூறு சதவீதம் வேண்டாம், கொஞ்சம் காலி வைத்துக்கொண்டு இறங்குங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற காரைக்குடியில், பேட்டரி பற்றி இவ்வளவுகூடச் சொல்லாமல் விடலாமா?

கேட்காமலே பிடிக்கும் பிரேக்

பிடிக்காத பிரேக் ஒரு புகார் என்றால், வேண்டாத நேரத்தில் தானே பிடிக்கும் பிரேக் இன்னொன்று. முன்னால் தடை இருப்பதாக ரேடாரும் கேமராவும் சொன்னால், நாம் மிதிக்காமலே வண்டி பிரேக் போடுகிற வசதி இப்போது குடும்ப எஸ்யூவிகளிலும் வந்துவிட்டது. ஹோண்டா சிஆர்-வி, அக்கார்டு வண்டிகளில் ஒன்றுமே இல்லாத சாலையில் இது திடீரென்று பிடிக்கிறது என்று 278 பேர் சொன்னதை வைத்து, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2022 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. விசாரணைக்கு உட்பட்டவை சுமார் 17 லட்சம் வண்டிகள்.

நம் சாலையை நினைத்துப் பாருங்கள். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் கூட்டம், ராத்திரியில் ரோட்டோரம் நீளமாகப் போகும். டார்ச் வெளிச்சம், மாட்டுவண்டி, குறுக்கே ஓடும் ஆடு. அங்கே தானியங்கி பிரேக் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். பின்னால் ஒட்டிவரும் பஸ்ஸுக்கு எதிர்பாராத பிரேக்காகவும் ஆகலாம். அந்த வசதியை அணைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிடித்த இடம், நேரம், வேகம், முன்னால் இருந்தது என்ன என்று அன்றே குறித்துவைத்தால் போதும். டேஷ்கேம் இருந்தால் இன்னும் நல்லது.

எண்ணினால்தான் கணக்கு

அமெரிக்காவில் 278 பேர் சொன்னது விசாரணையானது என்றால், அந்த 278ஐ எண்ணி வைக்க ஓர் இடம் இருந்தது. இந்தியாவில் 2012 முதல் ரீகால் என்பது வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தன்னார்வ விதியாகத்தான் இருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்த பிறகே அரசு கட்டாய ரீகாலுக்கு உத்தரவிட முடிந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஒரு மாடலின் ஆண்டு விற்பனையைப் பொறுத்து, இத்தனை புகார் பதிவானால் விசாரணை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கட்டாய ரீகால் என்றால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். நிறுவனம் குறையைத் தானே கண்டுபிடித்து அழைத்தால் அபராதம் கிடையாது. மாருதி 2022இல் பின்பிரேக் பின் ஒன்றுக்காக வேகன் ஆர், செலெரியோ, இக்னிஸ் கார்களில் 9,925ஐ அழைத்ததும், மஹிந்திரா எக்ஸ்யூவி 400ஐ அழைத்ததும் இந்தத் தன்னார்வ வகை.

வரம்பு என்பது பதிவான புகாருக்குத்தான். சர்வீஸ் கவுண்டரில் நின்று சொன்னது அந்தக் கணக்கில் வராது. அரசின் வாகன் போர்ட்டலில் பதிய வேண்டும். அதற்கு முன் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தைகளிலேயே குறை எழுதப்பட வேண்டும். சர்வீஸ் அட்வைசர் பழக்கதோஷத்தில் ‘பிரேக் செக்அப்’ என்று இரண்டு சொல்லில் தட்டிவிடுவார். அதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், நாளைக்குச் சாட்சி அந்த இரண்டு சொல்தான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானாலும் இதே காகிதம்தான் பேசும். 2019 சட்டப்படி, கார் எங்கே வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு சிவகங்கை. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் மாவட்ட ஆணையத்தின் எல்லைக்குள் வரும், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உற்பத்திக் குறை என்று சொன்னால் நிபுணர் கருத்தைக் கேட்பார்கள், அங்கேதான் பல வழக்குகள் தடுக்கி விழுகின்றன. வழக்கு வேண்டாம் என்பவர்களுக்கு 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

பெரியப்பா இதில் எதற்கும் போகவில்லை. இரண்டாம் தடவை வண்டியை விட்டபோது, அட்வைசரிடமிருந்து ஜாப் கார்டைத் திருப்பி வாங்கி, பழைய கணக்கு நோட்டு எழுதும் கையெழுத்தில் தானே எழுதினார்: ‘ராத்திரி முழுதும் நின்றபின், காலை முதல் ஸ்டார்ட்டில், முதல் மிதிக்கு மட்டும் பெடல் கட்டை.’ வண்டியை அன்று ராத்திரி அங்கேயே நிறுத்திவைத்து, காலையில் முதல் ஆளாகத் தன் முன்னாலேயே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் ஏழரைக்கே போய் நின்றார். போர்மேன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து மிதித்தார். ஒன்றும் பேசாமல் இறங்கி பானெட்டைத் திறந்தார். பூஸ்டர் குழாயில் அந்த ஒருவழி வால்வு. ராத்திரி முழுக்கக் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், பத்து நிமிஷ வேலை. பழைய வால்வைக் கேட்டு வாங்கிவந்தார். இப்போது அது டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. யார் ஏறினாலும் வாயில் வைத்து இரண்டு பக்கமும் ஊதிக் காட்டுகிறார்.