வயது தடையல்ல, குதிகால்தான் தடை!
பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற ஓட்டக்காரர்கள் கவனத்திற்கு...

புதுதில்லி: பதக்கம் வெல்லும் கால்களைப் பற்றித் தலைநகரில் பேசப்படும் அளவுக்கு, பதக்கம் எதையும் எதிர்பாராமல் அதிகாலையில் ஓடும் கால்களைப் பற்றிப் பேசப்படுவதில்லை. ஐம்பதையும் அறுபதையும் கடந்தபின் உடல்நலத்துக்காக ஓடத் தொடங்கி, ஓராண்டு முடிவதற்குள் குதிகால் வலியோடு வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிடுவோர் நாடெங்கும் உள்ளனர். தமிழகத்தை ஒட்டியுள்ள கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளும் இதற்கு விலக்கல்ல.

ஓட்டம் என்பது இவ்விரு மாவட்டங்களுக்கும் அந்நியமானதல்ல. 1982-ல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா, பாலக்காடு மெர்சி கல்லூரியில் பயின்றவர். 1984 முதல் 1996 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற ஷைனி வில்சன், இடுக்கி மாவட்டம் தொடுபுழையைச் சேர்ந்தவர். 2002-ல் பூசான் ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கே.எம். பீனாமோளும் இடுக்கி மாவட்டத்துக்காரரே. இருப்புப் பாதையே இல்லாத இடுக்கியில் பிறந்து, பாலக்காடு ரயில்வே கோட்டத்தில் பணிபுரிந்தவரான பிரீஜா ஸ்ரீதரன், 2010-ல் குவாங்சோ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்று இரு மாவட்டங்களுக்கும் பெருமை சேர்த்தார்.

இத்தகைய வீராங்கனைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று ஓய்வுக்காலத்தை எட்டியுள்ளது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பகுதிகளிலும், மூணாறு, மறையூர், குமுளி பகுதிகளிலும் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் அஞ்சி, மருத்துவரின் யோசனைப்படி நடக்கத் தொடங்குவோரில் சிலர் மெல்ல ஓடவும் துணிகின்றனர். அப்போதுதான் கால்கள் தமது வயதை நினைவூட்டுகின்றன.

உஷாவையும் விடாத குதிகால்:

குதிகால் காயம் சாதாரண மனிதர்களை மட்டும் தாக்குவதல்ல. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு விநாடி வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்த பி.டி. உஷா, அடுத்த ஒலிம்பிக்கான 1988 சியோல் போட்டிக்குக் குதிகால் காயத்துடனேயே செல்ல நேர்ந்தது. தகுதிச் சுற்றிலேயே அவர் வெளியேறினார். ஆனால், அதோடு அவரது ஓட்டம் முடிந்துவிடவில்லை. இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்து, பின்னர் மீண்டும் களம் புகுந்து, 1998-ல் தமது 34-வது வயதில் ஃபுகுவோகா ஆசியத் தடகளப் போட்டியில் பதக்கங்கள் வென்றார். 2022 ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், அதே ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவும் ஆனார்.

பாலக்காட்டைச் சேர்ந்த நீளம் தாண்டுதல் வீரர் முரளி ஸ்ரீசங்கர், 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது ஏற்பட்ட முழங்கால் காயத்தால் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். இத்தகைய வீரர்களுக்கு அறுவைச் சிகிச்சை நிபுணரும், பிசியோதெரபி சிகிச்சையாளரும், பயிற்சியாளரும் உடன் இருக்கின்றனர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியருக்கோ, தேயிலைத் தோட்டத்தில் பணி முடித்தவருக்கோ அந்த வாய்ப்பு இல்லை என்பதே இதில் உள்ள வேறுபாடு.

ஓடச் சொல்லும் கொள்கை:

"ஃபிட் இந்தியா' இயக்கத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2019 ஆகஸ்ட் 29-ல் தில்லியில் தொடங்கிவைத்தார். 2001-ம் ஆண்டின் தேசிய விளையாட்டுக் கொள்கைக்கு மாற்றாக, "கேலோ பாரத் நீதி 2025' என்ற புதிய கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1-ல் ஒப்புதல் அளித்தது. விளையாட்டை மக்கள் இயக்கமாக மாற்றுவது இக்கொள்கையின் ஐந்து தூண்களில் ஒன்று.

இதற்கான தேவையும் இல்லாமலில்லை. இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் 2022-ல் போதிய உடலுழைப்பு இன்றி இருந்தனர் என்று "லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-ல் வெளியான ஆய்வு கூறியது. பெண்களில் இது 57 சதவீதமாகவும், ஆண்களில் 42 சதவீதமாகவும் இருந்தது. கேரளத்தில் முதியோர் விகிதமும் அதிகம். 2021-ம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 10.1 சதவீதம், கேரளத்தில் 16.5 சதவீதம், தமிழகத்தில் 13.6 சதவீதம்.

ஆக, முதியோரை ஓடச் சொல்வதில் தவறில்லை. ஓடி அடிபட்டால் எங்கே செல்வது என்பதற்குத்தான் தெளிவான விடை இல்லை.

சமவெளியும் மலையும்:

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் பாதம், ஒரு கணம் 120 முதல் 180 கிலோ வரை தாங்குகிறது. மெதுவாக ஓடுபவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் தப்படிகள் வைக்கிறார். இளமையில் இதைத் தாங்கும் தசைநார்கள், வயது ஏற ஏற நெகிழ்ச்சியை இழக்கின்றன. குதிகாலின் அடியில் உள்ள கொழுப்பு மெத்தையும் தனது மீள்திறனை இழக்கிறது.

இதில் நிலத்தின் அமைப்புக்கும் பங்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதி பெரும்பாலும் சமதளம். இங்கு ஓடுபவருக்குக் கடினமான தார்ச்சாலையும் கடும் வெயிலும்தான் சோதனை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டதை மறந்திருக்க முடியாது. இடுக்கியில் நிலைமை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போடிமெட்டை அடைந்தால், அதன்பின் சமதளத்தைத் தேடத்தான் வேண்டும். ஏற்றத்தில் ஓடினால் கெண்டைக்கால் தசையும் குதிநாணும் இழுபடுகின்றன. இறக்கத்தில் ஓடினால் முழங்காலும் தொடைத் தசையும் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. சமவெளியில் ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவர், மூணாறுக்கு உறவினர் வீட்டுக்குச் சென்ற இடத்தில் அதே ஐந்து கிலோமீட்டரை ஓட முயல்வது விபரீதத்தை விலைக்கு வாங்குவதாகும்.

காலையின் முதல் அடி:

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை, வில்லுக்கு நாண் கட்டியதுபோல் ஒரு தசைநார்ப் பட்டை உள்ளங்காலில் ஓடுகிறது. அளவுக்கு மீறிய சுமையால் இது பாதிக்கப்படுவதே குதிகால் வலியின் பொதுவான காரணம். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துவது போன்ற வலி. சிறிது நடந்தபின் குறைவு. நெடுநேரம் நின்றால் மீண்டும் வலி. இதுவே அதன் அடையாளம்.

வலி ஓட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. சமையலறையில் வெறும் தரையில் நிற்பது, பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பது, மாடிப்படி ஏறுவது, கோயில் பிரகாரத்தை வலம் வருவது என அன்றாட வாழ்க்கை முழுவதையும் அது பற்றிக்கொள்கிறது. பளிங்கும் ஓடும் பதித்த கடினத் தரைகளில் வெறுங்காலுடன் நடப்பது வலியைக் கூட்டும். வீட்டுக்குள் செருப்பு அணிவதைக் குறையாகக் கருதும் குடும்பங்களில், வீட்டுக்கென்றே தனியாக மென்மையான செருப்பு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

குதிகாலுக்குப் பின்புறம் வலித்தால், அது பெரும்பாலும் குதிநாண் தொடர்பானது. பாதத்தின் நடுவில் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்து, ஓய்விலும் குறையாவிட்டால் எலும்பில் மயிரிழை முறிவு இருக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதால் இந்த அபாயம் அதிகம். எண்ணெய் தடவி நீவிவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரை அணுகுவது அவசியம்.

ஸ்வீடன் மருத்துவரின் பிடிவாதம்:

ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், பொழுதுபோக்காக ஓடி, குதிநாண் வலிக்கு ஆளானவர். அறுவைச் சிகிச்சை செய்யுமாறு அவர் கேட்க, மேலதிகாரியான மருத்துவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்தாலாவது அறுவைச் சிகிச்சை கிடைக்கும் என்று எண்ணி, குதிகாலைக் கீழிறக்கும் பயிற்சியை வலியோடு தொடர்ந்து செய்தார். நாண் அறுவதற்குப் பதிலாக வலி நீங்கிற்று. சராசரியாக 44 வயதுடைய 15 பொழுதுபோக்கு விளையாட்டாளர்களிடம் இதே பயிற்சியை 12 வாரம் சோதித்து, அனைவரும் மீண்டும் ஓடியதாக 1998-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் சிகிச்சை முறையையே மாற்றியது.

உள்ளங்கால் வலிக்கும் இதுபோன்ற பயிற்சி உண்டு. மடித்த துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, படிக்கட்டின் விளிம்பில் நின்று, ஒரு காலில் குதியை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தோர், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தோரைவிட மூன்று மாதத்தில் அதிகம் குணமடைந்தனர் என டென்மார்க் ஆய்வு ஒன்று கண்டறிந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையை எட்டினர் என்பதும் கவனிக்கத்தக்கது. அறுவைச் சிகிச்சையின்றியே பெரும்பாலோருக்குக் குணமாகிறது. ஆனால் மாதக்கணக்கில் பொறுமை தேவை. முதியவர்கள் இப்பயிற்சிகளைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பிசியோதெரபி நிபுணரின் மேற்பார்வையில் தொடங்குவதே பாதுகாப்பு.

சர்க்கரை நோயாளிகளுக்கு எச்சரிக்கை:

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரிவித்தது. கேரளத்தில் இது 25.5 சதவீதம்; அதாவது, வயது வந்தோரில் நால்வரில் ஒருவர். நீடித்த சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வை மழுங்கச் செய்யும். வலிக்காத காயமே இவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. சபரிமலைக்கோ பழனிக்கோ வெறுங்காலுடன் நடப்போரும், ஓடுவோரும் தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது நலம். கொப்புளம், நிறமாற்றம், வீக்கம் தென்பட்டால் மறுநாளே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பணமும் மருத்துவமும்:

ஓடுவது செலவில்லாத உடற்பயிற்சி என்று சொல்லப்படுவதுண்டு. ஓட்டக் காலணிகளை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றுவது நல்லது என்பது பொதுவான யோசனை. வாரம் 20 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஒரு ஜோடி ஆறு முதல் ஒன்பது மாதம் வரைதான் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 2,500 வரையிலான காலணிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. அதற்கு மேல் விலையுள்ளவற்றுக்கு 18 சதவீத வரி. நல்ல ஓட்டக் காலணிகள் பலவும் இரண்டாவது பிரிவில்தான் வருகின்றன.

மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதைதான். 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை வழங்கும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால், அது மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சைக்கானது. குதிகால் வலிக்காக எவரும் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவதில்லை. வாரம் இருமுறை பிசியோதெரபிக்குச் செல்லும் செலவும், மலைக் கிராமத்திலிருந்து நகருக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணமும் கைப்பணத்தில்தான். 2010-ல் தொடங்கப்பட்ட தேசிய முதியோர் நலத் திட்டம், சமுதாய சுகாதார நிலையங்கள் வரை பிசியோதெரபி வசதி இருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது. அந்த வசதி எல்லைப்புற மலைக் கிராமங்களுக்கு எட்டும் தொலைவில் கிடைக்கச் செய்வது மத்திய, மாநில அரசுகளின் கடமை.

நிறுத்த வேண்டுமா?

குதிகால் வலித்ததும் "இந்த வயதில் ஓட்டம் எதற்கு?' என்று வீட்டில் கேட்பது இயல்பு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1984-ல் தொடங்கி, 50 வயதைக் கடந்த ஓட்டக்காரர்கள் 538 பேரை, ஓடாத பிறருடன் ஒப்பிட்டு இரு பத்தாண்டுகள் கண்காணித்தது. 19 ஆண்டு முடிவில் ஓடியவர்களில் 15 சதவீதத்தினரும், மற்றவர்களில் 34 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். ஓடியவர்களுக்கு முதுமையின் இயலாமையும் தாமதமாகவே வந்தது. தொடக்கத்தில் வாரம் நான்கு மணி நேரம் ஓடிய அவர்கள், இறுதியில் 76 நிமிடமே ஓடினர். ஓட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியபோதும், அதனால் கிடைத்த பயன் மறையவில்லை.

பஞ்சாபில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங், 89 வயதில் லண்டன் மாரத்தானில் ஓடத் தொடங்கி, 2013-ல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். அவரது உயிரைப் பறித்தது முதுமையல்ல; 2025 ஜூலையில் சொந்த ஊர் அருகே சாலையில் மோதிச் சென்ற வாகனம். நடைபாதையற்ற நெடுஞ்சாலைகளில் இருட்டில் ஓடும் எல்லைப்புற முதியோருக்கும் இது ஒரு பாடம்.

ஆகவே, ஓடுவோர் கடைப்பிடிக்க வேண்டியவை கடினமானவை அல்ல. தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். ஓடிய மறுநாள் நடக்கலாம். மலைக்குச் சென்றால் தூரத்தைப் பாதியாக்க வேண்டும். மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடியிருந்தால், முந்தைய நாள் ஓட்டம் அதிகம் என்று பொருள். வலி தணியும்வரை சைக்கிளோ நீச்சலோ கைகொடுக்கும்.

மக்களை ஓடச் சொல்லும் அரசு, அவர்களது கால்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும். சுகாதார நிலையங்களில் சர்க்கரை அளவைப் பார்க்கும்போதே பாதங்களையும் பார்ப்பதற்குப் பெரும் செலவு ஆகாது. அந்தச் சிறு ஏற்பாடு இருந்தால், குதிகால் வலியோடு திண்ணையில் அமர்ந்துவிட்ட பலர் மீண்டும் வீதியில் இறங்கி நடப்பார்கள். சிலர் ஓடவும் செய்வார்கள்.