கொதிப்பது ரத்தமல்ல

ஊசி போடும் இடத்தில் "நரம்பே கிடைக்கலை" என்று சொல்வோம். அது நரம்பல்ல, ரத்தக் குழாய்தான். நிஜமான நரம்பு வேறே. சின்னச் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரில் அது மெல்லிய நூல் மாதிரி படர்ந்திருக்கிறது. ரத்தக் கொதிப்பைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

அந்த நரம்பின் நுனியில் நார்அட்ரீனலின் என்ற சத்து சுரக்கும். உடனே குழாயின் சுவரிலுள்ள தசை இறுகும், வழி குறுகும். உள் அகலம் பாதியானால் ரத்தம் ஓடுவதற்குத் தடை 16 மடங்காகிவிடுமாம்! படுக்கையிலிருந்து எழுந்ததும் நாம் மயங்கி விழாமல் நிற்பது இந்த இறுக்கத்தால்தான். அதே இறுக்கம் ஓயாமல் நீடித்தால் அழுத்தம் ஏறுகிறது. உப்பு, சிறுநீரகம், பரம்பரை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. நரம்பை மட்டும் குறை சொல்ல முடியாது.

இவ்வளவும் நம்மைக் கேட்காமலே நடக்கிறது. அதுதான் ஆபத்து. விழுப்புரத்தில் இருக்கும் என் நாத்தனார், "தலைவலியா, கிறுகிறுப்பா? ஒண்ணுமில்லையே, எதுக்கு மாத்திரை?" என்று தீபாவளியோடு நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு நான் திண்டிவனத்திலிருந்து போய் வற்புறுத்தி அளக்க வைத்தால் 180க்கு மேலே! அப்போதும் அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை.

நரம்பின் பங்கை உலகுக்கு உணர்த்தியதில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் இடமுண்டு. சர்ப்பகந்தி வேர் கொதிப்பைத் தணிப்பதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெஸர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு நுனியில் சேர்த்து வைத்திருக்கும் நார்அட்ரீனலினை அது காலி செய்துவிடும். சிலருக்கு மனச்சோர்வையும் உண்டாக்கியது. அதனால் நாட்டு மருந்துக் கடையில் வேரை வாங்கி நாமே இடித்துச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகள் கிட்டவே போகக் கூடாது.

மாத்திரைக்கு அலைய வேண்டுமே என்ற சாக்கும் இப்போது செல்லாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

அளக்கும்போது ஒன்று கவனியுங்கள். படியேறிய மூச்சோடு, காபி குடித்த கையோடு கையை நீட்டினால் நரம்பு குழாயை இறுக்கிக் கணக்கைக் கூட்டிக் காட்டும். காபி குடித்து அரை மணியாவது ஆகட்டும். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி, பேசாமல் உட்காருங்கள். பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் பட்டையைக் கழற்றின பிறகு!