எண்முறை வானொலித் தேடுகருவி: தேர்ந்தெடுக்கும் முறையும் அமைக்கும் முறையும்

1999 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் ஒடிசாவின் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியபோது, தொலைபேசித் தொடர்புகள் பெரும்பாலும் அற்றுப்போயின. 2019 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள் ஃபானிப் புயல் பூரிக்கு அருகே கரையேறியபோது, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருங்கே நின்றன. கம்பிகள் அறுந்தும் கோபுரங்கள் சாய்ந்தும் போன அந்நாட்களிலும் வானத்தின் வழியே வரும் அலைகள் நின்றுவிடவில்லை. தொலைதூர நிலையங்களின் ஒலிபரப்பும், துணைக்கோள்கள் அனுப்பிய மேகப் படங்களும் அப்பகுதிகளின் மேல் வழக்கம்போல் பாய்ந்துகொண்டே இருந்தன. அவற்றை ஏற்றுக்கொள்ளத்தக்க கருவியும், அதனைக் கையாளும் பயிற்சி பெற்ற ஒருவரும் அண்மையில் உண்டா என்பதே அத்தகைய வேளைகளில் எழும் வினா.

பொதுவாக ஸ்கேனர் என வழங்கும் வானொலித் தேடுகருவி இவ்வகைக் கருவிகளுள் ஒன்று. பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து ஆராய்ந்து, சமிக்ஞை உள்ள இடத்தில் நின்றுவிடுவது இதன் இயல்பு. எண்முறை நுட்பம் வந்தபின் இதன் விலை வெகுவாகக் குறைந்து, பள்ளிகளின் விஞ்ஞானக் கழகங்களும் இதை வாங்கக்கூடிய நிலை ஏற்பட்டிருக்கிறது. ஆயினும் விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்கப்பட்ட கருவி ஒரு வாரத்திற்குள் அலமாரிக்குப் போய்விடுவதும் உண்டு. எதைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, எதை வாங்குவது என்பதை அதன் பின்னர் முடிவு செய்தால் இந்த வீண் செலவைத் தவிர்க்கலாம்.

இருவகைக் கருவிகள்

தேடுகருவி அமெரிக்காவில் பரவத் தொடங்கிய காலத்தில், ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனியே ஒரு படிகத்தைக் கருவியினுள் பொருத்த வேண்டியிருந்தது. அந்நாட்டில் காவல் துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் உரையாடல்களைப் பொதுமக்கள் கேட்பதற்கே இது பெரிதும் பயன்பட்டது. பின்னர் அத்துறைகள் ‘பி-25’ என்னும் எண்முறைத் தரத்திற்கு மாறியபோது, அம்முறையைப் புரிந்துகொள்ளும் விலையுயர்ந்த தேடுகருவிகள் சந்தைக்கு வந்தன. இப்போது அங்கேயும் பல நகரங்களில் அவ்வுரையாடல்கள் சங்கேத முறையில் மறைக்கப்படுகின்றன. மறைக்கப்பட்ட பேச்சை எவ்வளவு உயர்ந்த கருவியாயினும் வெளிப்படுத்தாது. வெளிநாட்டு விலைப்பட்டியல்களில் காணப்படும் கைத் தேடுகருவிகளுள் பெரும்பாலானவை இந்த அமெரிக்கத் தேவைக்காகவே செய்யப்பட்டவை. நம் நாட்டுப் பள்ளிக்கோ கள அலுவலகத்திற்கோ அவற்றால் விளையும் பயன் சொற்பம்.

இரண்டாம் வகை, மென்பொருள் வானொலி ஏற்பி. கட்டைவிரல் அளவே உள்ள இது கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையில் பொருத்தப்படுவது. ‘ஆர்.டி.எல். 2832 யு’ என்னும் சில்லைக் கொண்ட சிறு கருவிகள் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்றே முதலில் செய்யப்பட்டன. அச்சில்லிலிருந்து பதப்படுத்தப்படாத எண்களை நேரடியாகப் பெறலாம் என்பது 2012 ஆம் ஆண்டில் பலரும் அறிந்த செய்தியாயிற்று. அதன் பயனாக ஒரு மலிவான தொலைக்காட்சித் துணைக்கருவி, பல்வேறு அலைவரிசைகளை ஆராயும் சாதனமாக மாறியது. கல்விக்கு உகந்தது இவ்வகையே.

அலை எண்ணாக மாறும் விதம்

பழைய ரேடியோப் பெட்டியில் அலையைப் பிரித்தெடுத்து ஒலியாக்கும் வேலை முழுவதையும் சுருள்களும் மின்தேக்கிகளும் செய்தன. மென்பொருள் ஏற்பியில் முற்பகுதி மட்டுமே மின்சுற்றின் பொறுப்பு. ஏரியலில் விழும் அலையின் ஒரு சிறு பகுதியை அது தேர்ந்தெடுத்து, வினாடிக்குச் சுமார் 24 லட்சம் முறை அளந்து, அளவுகளை எண்களாகக் கணிப்பொறிக்கு அனுப்பும். எஞ்சிய வேலையை மென்பொருள் கணக்கிட்டே முடிக்கும். ஆதலால் மென்பொருளை மாற்றினால் அதே கருவி இன்னொரு வானொலியாகிவிடுகிறது.

சாதாரண வகைகள் சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்க வல்லவை. ஆனால் ஒரு சமயத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலமே திரையில் தெரியும். ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளால், அதாவது 256 படிகளால் மட்டுமே குறிக்கப்படுகிறது. மூட்டைகளை நிறுக்கும் தராசில் ஒரு கடுகின் எடை தெரியாதது போல, வலிய நிலையமொன்று அருகில் ஒலிபரப்பும்போது மெல்லிய சமிக்ஞை இக்கருவியில் புலப்படாமற் போகும். பட்டணங்களில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எஃப்.எம். நிலையங்களே இத்தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம். அப்பகுதியைத் தடுக்கும் சிறிய வடிகட்டி ஒன்றை ஏரியலுக்கும் கருவிக்கும் இடையே பொருத்துவது இதற்குப் பரிகாரம்.

சட்டம் வகுத்த எல்லை

வானொலிக் கருவிகளை வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தும் விதிகள் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. 1933 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் கருவியை வைத்திருப்பதையே உரிமத்திற்கு உட்படுத்தியது. 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவி வைத்திருத்தலை அனுமதிக்கு உரிய செயல்களுள் ஒன்றாகக் கூறுகிறது. பிறருடைய செய்தியைச் சட்ட விரோதமாக இடைமறிப்போருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும், 2 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு.

ஆகவே காவல் துறை, இராணுவம், விமானப் போக்குவரத்து முதலியவற்றின் உரையாடல்களைத் தேடிக் கேட்பது பள்ளியின் வேலைத் திட்டத்தில் இடம்பெறலாகாது. கருவியை வாங்குமுன், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து தருவிக்குமுன், அதற்குரிய அனுமதி பற்றித் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாப் பிரிவிடம் எழுத்து மூலம் விளக்கம் பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்வது நிறுவனத் தலைவரின் கடமை. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் ஒருவரை ஆலோசகராக அமர்த்திக்கொள்வது இன்னும் நன்று. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதி அந்த உரிமத்தைப் பெறலாம். மாணவர்களையும் அவ்வழியில் ஊக்குவிக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, அதிர்வெண்ணின் நிலைத்தன்மை. மலிவான கருவிகளில் பத்து லட்சத்தில் 50 பங்கு அளவுக்குப் பிழை காணப்படலாம். 137 மெகாஹெர்ட்ஸில் இது ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸ் விலகலாகும். மேலும் கருவி சூடேறும்தோறும் இவ்விலகல் மாறிக்கொண்டே இருக்கும். வெப்பத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அலையியற்றி பொருத்தப்பட்ட கருவியில் பிழை பத்து லட்சத்தில் 1 பங்கு அளவே. அதே அதிர்வெண்ணில் அது 137 ஹெர்ட்ஸ் மட்டும். சிறிது கூடுதல் விலை கொடுத்தும் இதனைப் பெறுவது தகும்.

இரண்டாவது, உறை. பிளாஸ்டிக் உறை கணிப்பொறியின் மின் இரைச்சலை உள்ளே விட்டுவிடும். உலோக உறை அதனைத் தடுப்பதோடு சூட்டையும் வெளியேற்றும். மூன்றாவது, போலிகள். பெயர்பெற்ற கருவிகளின் தோற்றத்தை அப்படியே ஒத்த போலிகள் மிகுதி. விற்பனையாளர் யார் என்பதை உற்பத்தியாளரின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நான்காவது, ஒரு மீட்டர் நீளமுள்ள யு.எஸ்.பி. இணைப்புக் கம்பி. கருவியைக் கணிப்பொறியிலிருந்து அப்பால் வைக்க அது உதவும்.

ஏரியலின் முக்கியத்துவம்

எண்முறையில் ஒரு சிறப்பியல்பு உண்டு. பழைய முறையில் சமிக்ஞை நலிந்தால் ஒலி கரகரக்கும், படத்தில் புள்ளிகள் விழும். ஆயினும் ஓரளவு விளங்கும். எண்முறையிலோ சமிக்ஞை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் படம் பழுதின்றி வரும். அதற்குக் கீழே இறங்கினால் அடியோடு மறையும். இந்த எல்லைக்கு மேலே சமிக்ஞையை வைத்திருப்பது பெரும்பாலும் ஏரியலின் பொறுப்பே. விலையுயர்ந்த கருவியும் மோசமான ஏரியலும் சேர்ந்து தராத பலனை, எளிய கருவியும் நல்ல ஏரியலும் சேர்ந்து தரும்.

துணைக்கோள்களுக்குரிய ஏரியலைப் பள்ளியிலேயே செய்யலாம். 137.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2.18 மீட்டர். அதன் கால் பங்கு 54.5 சென்டிமீட்டர். உலோகக் கோலில் அலை சற்றுக் குறுகுவதால் 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு அலுமினியக் கோல்கள் போதும். இரண்டையும் 120 பாகைக் கோணத்தில், தரைக்குக் கிடையாக, ஒரு பிளாஸ்டிக் குழாயின் உச்சியில் பொருத்த வேண்டும். கோணத்தின் வாய் வடக்கு அல்லது தெற்கு நோக்கியிருத்தல் அவசியம்; துணைக்கோள்கள் வடதென் திசையிலேயே கடந்து செல்கின்றன. கேபிளின் நடுக் கம்பி ஒரு கோலிலும், வெளி வலை மற்றக் கோலிலும் இணைக்கப்பட வேண்டும்.

கேபிளின் நீளமும் வகையும் கருதத்தக்கவை. ‘ஆர்.ஜி. 58’ என்னும் மெல்லிய கேபிள் 30 மீட்டர் நீண்டால், ஏரியல் பிடித்த சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வழியிலேயே அழிந்துவிடும். தொலைக்காட்சிக்குப் பயன்படும் ‘ஆர்.ஜி. 6’ கேபிளில் அதே தூரத்தில் பாதியளவே நட்டமாகும். கேபிள் எதுவாயினும் நீளம் குறைவாக இருத்தலே சிறப்பு. திறந்த மொட்டைமாடி ஏரியலுக்கு ஏற்ற இடம். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சூரிய மின்கலக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை மின் இரைச்சலை உண்டாக்குவன. அவற்றிலிருந்து விலகியிருத்தல் நலம். மின்கம்பிகளின் அருகே ஏரியலை எக்காரணத்தாலும் உயர்த்தலாகாது. இடிமின்னலுக்கான அறிகுறி தோன்றுமுன்பே கேபிளைக் கருவியினின்றும் கழற்றிக் கட்டடத்திற்கு வெளியே விட்டுவிட வேண்டும்.

முதல் சோதனை முதல் படம் வரை

முதல் நாளிலேயே துணைக்கோளைத் தேடுவது ஏமாற்றத்தில் முடியும். ஆல் இந்தியா ரேடியோவின் உள்ளூர் எஃப்.எம். நிலையத்தை முதலில் கேட்பது முறை. நிலையத்தின் அதிர்வெண் நன்கு தெரிந்தது. திரையில் காணும் அதிர்வெண்ணோடு அதை ஒப்பிட்டுக் கருவியின் பிழையை அறிந்து திருத்தலாம். வலுவூட்டலை மிகுதியாக ஏற்றினால் இரைச்சலும் உடன் ஏறும் என்பதையும் மாணவர்கள் இங்கேயே கண்டறிவர்.

அடுத்த படி பன்னாட்டு விண்வெளி நிலையம். அங்கிருந்து அமெச்சூர் வானொலி வழியே பேசப்படும் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். 2025 ஆம் ஆண்டு ஜூலையில் குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா அந்நிலையத்தில் தங்கியிருந்தபோது, இம்முறையில் இந்திய மாணவர்களுடன் உரையாடினார். இத்தகைய உரையாடல்கள் முன்னறிவிப்போடு நடைபெறுவதால் வகுப்பிற்கு ஏற்றவை.

மூன்றாம் படி வானிலைத் துணைக்கோள். பழைய கையேடுகள் பலவும் அமெரிக்காவின் நோவா 15, 18, 19 ஆகிய துணைக்கோள்களையே குறிப்பிடுகின்றன. அவை 2025 ஆம் ஆண்டு ஜூன், ஆகஸ்டு மாதங்களில் பணியிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டன. அவற்றைத் தேடிக் காத்திருப்போர் கருவி கெட்டுவிட்டது என்று தவறாக எண்ணக்கூடும். 2023 ஜூனிலும் 2024 பிப்ரவரியிலும் ஏவப்பட்ட ரஷ்யாவின் மீட்டியோர்-எம் 2-3, 2-4 ஆகிய துணைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் எண்முறைப் படங்களை அனுப்பும் வகையின. படத்தின் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும்.

இத்துணைக்கோள் சுமார் 100 நிமிடங்களில் பூமியை ஒரு முறை சுற்றுகிறது. ஓரிடத்திலிருந்து அதிகமாகப் பார்த்தால் 15 நிமிடங்களுக்கே புலப்படும். கடக்கும் நேரத்தை ‘ஜீபிரெடிக்ட்’ போன்ற மென்பொருளால் முன்கூட்டியே கணிக்கலாம். ‘சாட்-டம்ப்’ என்னும் இலவச மென்பொருள் சமிக்ஞையைப் படமாக்கித் தரும். துணைக்கோள் நெருங்கும்போது அதிர்வெண் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்தும், அகலும்போது அதே அளவு தாழ்ந்தும் காணப்படும். இரயில் ஊதலைக் கொண்டு விளக்கப்படும் டாப்ளர் விளைவை இங்கே திரையிலேயே காட்டலாம். படத்தில் கரிய பட்டைகள் தோன்றினால் அந்நேரத்தில் துணைக்கோள் வானத்தின் எப்பக்கம் இருந்தது என்று பார்க்க வேண்டும். அப்பக்கத்திலுள்ள மரமோ சுவரோ அலையை மறைத்திருப்பது அதனால் விளங்கும்.

பயிற்சியே பாதுகாப்பு

இவ்வாறு பெற்ற படங்களைத் தேதி, நேரம், துணைக்கோளின் பெயர் ஆகியவற்றுடன் ஒரு பதிவேட்டில் சேர்த்து, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையுடன் ஒப்பிட்டு வந்தால், பருவமழையின் வருகையை மாணவர்கள் தாமே கண்டறிந்த அறிவு பெறுவர். ஆயினும் மேகப் படம் வேறு, புயல் எச்சரிக்கை வேறு. படத்தைக் கண்டு தாமாகவே எச்சரிக்கை பரப்புவது தீங்கு விளைக்கும். அதற்குரிய அதிகாரம் அத்துறைக்கே உண்டு. கள ஊழியர்கள் மாதம் ஒருமுறையேனும் மின்சாரமும் இணையமும் இன்றி, மின்கல சக்தியை மட்டும் கொண்டு கருவியை இயக்கிப் பழகுவது நலம்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, திருமதி பாரதி பிரசாத் தலைமையில் ஓர் அமெச்சூர் வானொலிக் குழு போர்ட் பிளேயரில் தங்கியிருந்தது. மற்றத் தொடர்புகள் அற்ற அவ்வேளையில் அக்குழுவின் வழியே பல குடும்பங்களுக்குச் செய்தி சென்றது. அக்குழுவினர் வேறொரு காரியத்திற்காக அங்கே சென்றவர்கள். உரிமமும், ஒழுங்காக அமைக்கப்பட்ட ஏரியலும், பழகிய கைகளும் முன்னரே இருந்தமையால்தான் அவர்களால் உதவ முடிந்தது. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு சிறு ஏற்பியை வாங்கும் பள்ளியும் அலுவலகமும் வானம் தெளிந்திருக்கும் நாட்களிலேயே இந்த ஆயத்தத்தைத் தொடங்கிவிடலாம்.