வீட்டு வாசலில் ஒரு பலகை

தோட்டத்தில் யாரும் பெயர்ப் பலகை வைத்ததில்லை. தேவைப்படவில்லை. ஜாக்கெட் தைக்க எந்த லயத்துக்குப் போவது, முறுக்கு யார் வீட்டில் கிடைக்கும், சுளுக்கு எடுப்பவர் எந்த வரிசையில் இருக்கிறார் என்பதெல்லாம் கோயில் திருவிழாவுக்கு வந்த விருந்தாளிக்குக்கூட அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பீடோங் பக்கம் ஹார்வர்ட், பாடாங் செராய் பக்கம் விக்டோரியா, ஹென்ரியெட்டா என்று கெடாவில் எந்தத் தோட்டத்துப் பெரியவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். வீடு நிர்வாகத்துடையது, தகவல் எல்லோருடையது.

தாமானுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி கூரை, வரிசைக்கு இருபது வீடு. எதிர்வீட்டில் இருப்பவர் பெயர் தெரியவே ஒரு வருடம் ஆகிறது. தையல் தெரிந்த அம்மாவுக்கு இனி வாய்வழிச் செய்தி போதாது. அதனால் கேட்டில் ஒரு பலகை தொங்குகிறது. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் லூனாஸிலும் ஒரு மாலைப்பொழுது நடந்து பாருங்கள்: தையல், கேக், டியூஷன், பூமாலை, ஏர்கோன் பழுது, ஜோதிடம். தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ குடும்பங்களின் இரண்டாவது வருமானம் அந்தக் கேட்டில்தான் தொங்குகிறது.

குடியிருப்புப் பகுதியில் இப்படிப் பலகை வைக்கலாமா? இதைக் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்லும் பதில், "எல்லாரும் வெச்சிருக்காங்களே!" என்பதுதான். அது சட்டம் இல்லை.

வீட்டில் தொழில் தொடங்கி வாசலில் பலகை மாட்ட நினைப்பவர் மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவு நில அலுவலகம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று மூன்றாக வகைப்படுத்துகிறது. தாமான் வீட்டின் நிலம் பொதுவாகக் கட்டட வகையைச் சேர்ந்தது. ஆனால் கெரானை எடுத்துப் படித்தால், பெரும்பாலும் 'குடியிருப்புக்கு' என்ற நிபந்தனையும் அதில் இருக்கும். கெரானைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு.

இரண்டாவது கதவு 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். சட்டம் 172 என்பார்கள். ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் இந்தச் சட்டத்தின் பார்வையில் 'மேம்பாடு'தான். செங்கல் ஒன்றுகூட வைக்காமல் வீட்டைக் கடையாக மாற்றினாலும் திட்ட அனுமதி வேண்டும். மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 500,000 ரிங்கிட். முறுக்கு விற்கும் அம்மாவிடம் யாரும் அந்தத் தொகையைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சட்டத்தில் முறுக்குக் கடைக்கு ஒரு பிரிவு, தொழிற்சாலைக்கு ஒரு பிரிவு என்று இல்லை.

மூன்றாவது கதவு உள்ளாட்சி மன்றம். அதே 1976-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, மன்றங்களுக்குத் துணைவிதிகள் இயற்றும் அதிகாரத்தைத் தருகிறது. வியாபார உரிமமும் விளம்பர உரிமமும் அந்தத் துணைவிதிகளின்கீழ் வருபவை. பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும். வாசகத்தை டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்த்து உறுதிப்படுத்துவதும் வழக்கம். தமிழ் எழுத்தும் சேர்க்கலாம், ஆனால் அது தேசிய மொழி எழுத்தை விஞ்சக் கூடாது. பலகைக்குப் பணம் கட்டிய பிறகு வாசகத்தைச் சரிபார்க்கப் போனால் செலவு இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் நம்மவர்கள் பலருக்கு ஒரு குழப்பம். "எஸ்எஸ்எம் எடுத்துட்டேனே, போதாதா?" என்கிறார்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் என்றால் 60 ரிங்கிட் கட்டிப் பெறுவது வியாபாரப் பதிவு மட்டுமே. நீங்கள் யார் என்பதை அது சொல்கிறது. எங்கே தொழில் செய்யலாம் என்பதை அது சொல்வதில்லை.

சரி, விதிவிலக்கே இல்லையா? இருக்கிறது. வீட்டு வளவுக்குள், வீட்டில் வாழ்வதற்குத் துணையாக அமையும் பயன்பாட்டுக்குத் திட்ட அனுமதி வேண்டாம் என்கிறது சட்டம் 172-இன் 19-வது பிரிவு. விழா, சமய நிகழ்ச்சி போன்ற தற்காலிகப் பயன்பாட்டுக்கு ஒரு மாதம் வரை விலக்கு உண்டு. மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டத்தில் இருக்கும் நிலப் பயன்பாட்டு அட்டவணைகள் இன்னொரு வழி. குடியிருப்பு மண்டலத்தில் எது அனுமதிக்கப்பட்டது, எது நிபந்தனையோடு அனுமதிக்கப்படும் என்று அவை பிரித்துக் காட்டும். வீடுகளுக்கு நடுவே பாலர் பள்ளிகள் முறைப்படி இயங்குவது இப்படி நிபந்தனையோடு கிடைக்கும் அனுமதியால்தான்.

ஆனால் வாரத்துக்கு மூன்று ஜாக்கெட் தைப்பது வீட்டு வாழ்க்கைக்குத் துணையான வேலையா, வியாபாரமா? முப்பது ஜாக்கெட் என்றால்? 19-வது பிரிவு அந்தக் கோட்டை வரையவில்லை. கோடு இல்லாத இடத்தில் நம் ஊர்களில் நடப்பது ஒன்றுதான்: கண்டும் காணாமல் விடுவது. இதைச் சலுகை என்று நினைத்துத்தான் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அது சலுகையாகத் தெரியவில்லை.

தென் கெடாவில் ஒரு தாமானில் நான் கண்டதைச் சொல்கிறேன். மூலை வீட்டில் ஓர் அழகு நிலையம். வாசலில் நிறம் மாறி மாறி மின்னும் எல்இடி பலகை, இரவு பதினொன்று வரை எரியும். பக்கத்து வீட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலிலும், காலை ஷிப்ட் வாரங்களில் இரவிலும் தூங்கும் ஒரு தொழிற்சாலை ஊழியர். விளக்கு நேராக அவர் படுக்கையறைச் சன்னலில் அடித்தது. இரண்டு முறை பேசிப் பார்த்தார், பிறகு புகார் கொடுத்தார். அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள். வந்தவர்கள் ஒரு வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாதே! அந்தச் சாலையில் உரிமம் இல்லாத எல்லாப் பலகைகளையும் கழற்றச் சொன்னார்கள். நான்கு வீடு தள்ளி, ஒரு தட்டின் அளவுகூட இல்லாத மரப் பலகையில் 'தையல்' என்று எழுதி வைத்திருந்த அக்காவும் கழற்றினார். அப்போது தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது.

அதிகாரிகள் செய்தது தவறில்லை. புகார் கொடுத்தவர் மீதும் குற்றமில்லை, தூக்கம் அவருடைய உரிமை. பின் தவறு எங்கே? கண்ணைப் பறிக்கும் விளக்கையும் மரப் பலகையையும் பிரித்துப் பார்க்க அங்கே எழுதி வைத்த அளவுகோல் எதுவும் கையில் இல்லை. இரண்டும் 'உரிமம் இல்லாத பலகை' என்ற ஒரே பெயரில் போய்விட்டன.

அழகு நிலையம் இப்போது பலகை இல்லாமல், வாட்ஸ்அப் வழியாக அதே வேகத்தில் நடக்கிறது. வாடிக்கையாளர்களின் கார்கள் அதே பக்கத்து வீட்டு வாசலில்தான் நிற்கின்றன. கைப்பேசியில் விளம்பரம் செய்யத் தெரியாத தையல்கார அக்காவுக்குத்தான் வரும்படி குறைந்தது. பலகையை மட்டும் பார்க்கும் விதி, அண்டை வீட்டாருக்கு உண்மையில் தொல்லை தரும் சத்தம், கார், வெளிச்சம் ஆகியவற்றைப் பார்க்கத் தவறிவிடுகிறது.

வெளிநாடுகளில் இதை எண்ணில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் திட்டமிடல் சட்டத்துக்கு முன்மாதிரியான இங்கிலாந்தில், 2007-ஆம் ஆண்டின் விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகள் ஒரு வளாகத்தில் தொழில் செய்பவர் 0.3 சதுர மீட்டர் வரையிலான பெயர்ப் பலகையைத் தனி விண்ணப்பமின்றி வைக்க இடமளிக்கின்றன. அது ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர். மருத்துவம் போன்ற சேவைகளைத் தவிர மற்றவர்களின் பலகைக்கு விளக்கு கூடாது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2007-இல் பெரிய விளம்பரத் தட்டிகளை அடியோடு தடை செய்தது. அப்போதும் சிறு கடைக்காரரை அது மறக்கவில்லை. முகப்பு 10 மீட்டருக்குக் குறைவான கடைக்கு 1.5 சதுர மீட்டர் பலகை என்று எழுதி வைத்தது. பெரியதைத் தடுக்கும்போதே சிறியதற்கு இடம் விட்டார்கள்.

விதியே வேண்டாம் என்பவர்கள் தமிழ்நாட்டை நினைத்துப் பார்க்கலாம். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியில்லாமல் வைத்த திருமண பேனர் ஒன்று ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண் பொறியாளர் மீது விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. அங்கே விதியும் நீதிமன்ற உத்தரவும் முன்பே இருந்தன. கண்டும் காணாமல் விட்டதற்குக் கொடுத்த விலை அது.

நம் சட்டத்தில் அண்டை வீட்டாருக்கு இடம் இல்லாமல் இல்லை. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம். ஒட்டியுள்ள நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலைக்கோ சாக்கடைக்கோ அப்பால் உள்ள நிலம், முட்டுச் சந்தானால் 200 மீட்டருக்குள் அதே பாதையைப் பயன்படுத்துவோரின் நிலம் ஆகியவை இதில் அடங்கும். கவனியுங்கள், கடிதம் உரிமையாளருக்குத்தான் போகும். வாடகைக்கு இருப்பவர் சன்னலில் விளக்கு அடித்தாலும் கடிதம் அவருக்கு வராது. உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே இருக்கும் பகுதியிலோ இந்தக் கடிதத்துக்குச் சட்டம் கட்டாயமே விதிக்கவில்லை. திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது கருத்துச் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தருவார்கள். பேசுவதற்குரிய நேரம் அதுதான். அந்த மேசைக்கு முன்னால் நம்மவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் வாதம் எளிமையானது. இவ்வளவு அளவு, விளக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு ஒரு பலகை, வெளியாள் வேலைக்கு இல்லை, சாலையில் கார் வரிசை இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிய விதிவிலக்கு ஒவ்வொரு மன்றத்திலும் வேண்டும். அதற்குக் கட்டணம் இருந்தால் இருக்கட்டும். எழுதி வைத்த சிறு சலுகை தையல்கார அக்காவையும் காக்கும், தூங்க வேண்டிய ஊழியரையும் காக்கும். எழுதாத பெரிய சலுகை இருவரையும் கைவிடும். உரிமம் பெற்ற பிறகும் காரணம் சொல்லாமல் அதை ரத்து செய்ய மன்றத்துக்குச் சட்டம் 171-இன் 107-வது பிரிவு அதிகாரம் தருகிறது. உரிமமே இல்லாதவர் எதைப் பிடித்து நிற்பார்?

அதுவரை செய்யக்கூடியது இது. கெரானைப் படியுங்கள். மன்றத்தின் உரிமப் பிரிவில், வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்கு என்ன அனுமதி உண்டு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாசகத்தைச் சரிபார்த்த பிறகு பலகைக்குப் பணம் கட்டுங்கள். மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் எதிர்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தொல்லைக்கு ஆளானவராக இருந்தால், 'பலகை இருக்கிறது' என்று எழுதாமல் எந்த நேரம், என்ன வெளிச்சம், எத்தனை கார் என்று எழுதிப் புகார் கொடுங்கள்.

மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. ஆனால் மன்றக் கூட்டம் வேறு முடிவு எடுக்காத வரை பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே சட்டம் 171-இன் 23-வது பிரிவு சொல்கிறது. வரைவுத் திட்டம் அடுத்த முறை பார்வைக்கு வரும்போதும், அந்தக் கூட்டத்திலும், தையல் ஊசி பிடித்த ஒரு கையும் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு கையும் உயரட்டும். இருவருக்கும் வேண்டியது ஒரே பக்கம் கொண்ட ஒரு விதிதான்.