அமெரிக்க ஹைஸ்கூல் பாண்டும் புதிய குடும்பங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடை விடுமுறை முடியுமுன்னரே, பாடசாலை வகுப்புகள் திறவாதிருக்கும் அந்நாட்களிலேயே, ஹைஸ்கூல் மைதானங்களில் பேரிகை முழக்கம் கேட்கத் தொடங்கிவிடும். பதினான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் கடும் வெயிலில் வரிசை வரிசையாக நின்று, வாத்தியத்தை வாயில் வைத்தபடியே நடை பழகிக்கொண்டிருப்பார்கள். இதற்குப் 'பாண்டு காம்ப்' என்று பெயர். அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் இந்த 'மார்ச்சிங் பாண்டு' அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளின் விசேஷங்களில் ஒன்று. அதன் அழகைப் புகழ்வது எளிது. நாம் இங்கே ஆராயப் புகுந்தது வேறு விஷயம். முதன்முறையாகத் தம் பிள்ளையை அதிற் சேர்க்கும் குடும்பம் என்ன பாடுபடுகிறது, அதற்குக் கைகொடுப்பார் யார், கைகொடாவிடில் நேரும் கேடு யாது என்பதே அது.

இம்முறை பட்டாளத்திலிருந்து வந்தது. 1880 முதல் 1892 வரை அமெரிக்க மரீன் படையின் வாத்திய கோஷ்டியை நடத்திய ஜான் பிலிப் சூசாவின் பெயரை இன்றும் 'சூசபோன்' என்ற பெரிய ஊதுகருவி தாங்கி நிற்கிறது. அவர் 1896-ல் இயற்றிய அணிவகுப்புக் கீதமொன்றை 1987-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை தேசிய அணிவகுப்பு கீதமாக அங்கீகரித்தது. ஆனால் இன்றைய பள்ளிப் பாண்டு வெறும் பட்டாள நடையன்று. கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கையாலேயே ஆடும் அவர்களது விளையாட்டின் மைதானம் 100 கஜ நீளம் உடையது. ஐந்து கஜத்திற்கு ஒரு வெள்ளைக் கோடு. அக்கோட்டிலிருந்து மறு கோட்டிற்கு எட்டே அடி வைக்க வேண்டும். அதாவது ஓர் எட்டுக்கு இருபத்திரண்டரை அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இன்ன தாளத்தில் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுதிக் கொடுக்கப்படுகிறது. பந்தாட்டத்தில் ஒருவன் வராவிட்டால் வெளியே காத்திருக்கும் மற்றொருவன் இறங்குவான். பாண்டிலோ ஒருவன் வராவிட்டால் அணியில் பள்ளம் விழும். மேடையிலிருந்து பார்ப்போர் அனைவர் கண்ணிலும் அது படும்.

இங்கேதான் குடும்பத்தின் சங்கடம் ஆரம்பமாகிறது. பிள்ளைக்காவது வாத்தியம் தெரியும். தாய் தந்தையர்க்கோ ஒன்றும் தெரியாது. பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் 'டாட்', 'செட்', 'பிட்', 'கால் டைம்' என்று புரியாத சொற்கள் மலிந்திருக்கும். 'டாட்' என்பது பிள்ளை நிற்க வேண்டிய புள்ளி. 'பிட்' என்பது மைதானத்தின் முன்வரிசையில் நகராது நின்று மரிம்பா முதலியவற்றை வாசிக்கும் பிரிவு. 'கால் டைம்' என்பது பிள்ளைகள் வந்து கூட வேண்டிய நேரம். அது காட்சி நேரத்துக்குச் சில மணி முந்தியதாக இருக்கும். இந்த ஒரு சொல் விளங்காமையால் எட்டு மணி ஆட்டத்திற்கு ஏழரை மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, அதற்குள் உடை தரித்துப் புறப்பட்டுவிட்ட கோஷ்டியைத் தேடி நிற்கும் தந்தை எந்த ஊரிலும் உண்டு.

காலமோ பெருந்தொகை. வெள்ளிக்கிழமை இரவுதோறும் பந்தாட்டம், சனிக்கிழமைகளில் போட்டி. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் பள்ளி நேரத்திற்குப் புறம்பான பயிற்சி பள்ளி வாரத்தில் 8 மணிக்கு மேற்படலாகாதென்று விதி உண்டு. 1984-ல் அங்கு இயற்றிய சட்டப்படி, ஒரு பாடத்திலே தவறிய மாணவன் மீண்டும் தேறும் வரையில் இத்தகைய போட்டிகளில் கலந்துகொள்ளவும் இயலாது. இவற்றை முன்கூட்டியே அறிந்த குடும்பம், படிப்பு கெட்டுவிடுமே என்று வீணே கலங்காது. அறியாத குடும்பமோ முதல் மாதத்திலேயே பிள்ளையை விலக்கிக்கொள்ள நினைக்கும். அந்த ராஜ்யங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கலக்கம் உண்டு. வார இறுதியில் தமிழ்ப் பள்ளியும் சங்கீத வகுப்பும் ஒரு பக்கம் இழுக்க, சனிக்கிழமைப் போட்டி மறுபக்கம் இழுக்கிறது. அநேக பள்ளிகளில் பாண்டு ஒரு பாடமாகவே மதிப்புப் பெறுவதும், டெக்ஸாஸில் அது தேகப்பயிற்சி வகுப்புக்கு ஈடாக ஏற்கப்படுவதும் தெரிந்தால், 'படிப்பை விட்டு மேளம் தட்டப் போகிறானே' என்ற பேச்சு வீட்டில் பாதி குறையும்.

இந்தக் காரியம் முழுவதையும் உபாத்தியாயர் ஒருவரோ இருவரோ நடத்திவிட முடியாது. தண்ணீர் சுமப்போர், உடைகளைத் தைத்துச் சரிபார்ப்போர், பெரிய வாத்தியங்களை வண்டியில் ஏற்றி இறக்குவோர், பஸ்ஸில் பிள்ளைகளோடு காவலாகச் செல்வோர், நள்ளிரவில் திரும்பி வரும் பிள்ளைகளுக்கு உணவு வைத்திருப்போர், எல்லாரும் பெற்றோரே. 'பூஸ்டர்' சங்கமென்று ஒன்று அமைத்து, சம்பளமின்றி இவ்வளவும் செய்கிறார்கள். மகாநாட்டுப் பந்தல்களில் தொண்டர் படை பார்த்த வேலையை அறிந்த நம்மவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், எந்தத் தொண்டர் கூட்டத்திலும் நேரக்கூடிய ஒரு தீங்கு இங்கும் உண்டு. பல வருஷமாக உழைக்கிறவர்கள் தமக்குள்ளேயே பேசிச் சிரித்துக்கொள்வார்கள். வாயிலில் நிற்கும் புதியவர் யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது. அகந்தையென்று இதைச் சொல்ல மாட்டோம், பழக்கத்தின் விளைவே. ஆனால் இரவு வேலைக்குப் போகும் தாயும், ஆங்கிலம் தடுமாறும் தந்தையும் அதை அகந்தையென்றே கொள்வார்கள். கொள்ளாமல் என் செய்வார்கள்?

எல்லாவற்றினும் கடினமானது பணம். பொதுப் பள்ளியில் கல்வி இலவசம் என்பது பெருமை. ஆனால் காலணி, கையுறை, உடை, பிரயாணம், பயிற்சியாளர் ஊதியம் என்று சேரும்போது சில பள்ளிகளில் வருஷத்திற்குச் சில நூறு டாலர் ஆகிறது. போட்டிகளில் முனைந்து நிற்கும் பள்ளிகளில் ஆயிரத்தையும் தாண்டுகிறது. கலிபோர்னியா ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் 1984-ல், பாடசாலையின் கல்வி அங்கங்களாகிய இத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் விதிப்பது அரசியல் சாசனம் வாக்களித்த இலவசக் கல்விக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருந்தும் வசூல் நிற்காமையால் 2012-ல் அதையே சட்டமாகவும் இயற்ற வேண்டி வந்தது. இப்போது அங்கே நன்கொடை கேட்கலாம், கட்டாயப்படுத்தலாகாது. கேட்கும் கடிதம் ரசீதுப் பட்டியைப் போல் இருந்தால், ஏழைக் குடும்பம் அதை நன்கொடையென்று எப்படி அறியும்? கொடுக்க இயலாது என்று வாய்விட்டுச் சொல்ல மானம் இடங்கொடாது. 'பிள்ளைக்குப் பாண்டில் விருப்பமில்லை' என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வார்கள். அப்பிள்ளை விரும்பாமல் விலகவில்லை என்பது உபாத்தியாயருக்கு ஒருநாளும் தெரியவராது.

பண்டங்கள் விற்றுப் பணம் திரட்டுவதிலும் ஒரு நியாயம் கவனிக்கத்தக்கது. எந்தப் பெற்றோர் எவ்வளவு விற்றாரோ அவ்வளவு அவர் பிள்ளையின் கணக்கிலே வரவு வைப்பது என்ற வழக்கம் பல சங்கங்களில் இருந்து வந்தது. பிள்ளைகளின் விளையாட்டுச் சங்கமொன்று இவ்வாறு செய்ததன்மேல் எழுந்த வழக்கில், வரிவிலக்குப் பெற்ற தரும ஸ்தாபனம் அப்படித் தனியார் நலத்திற்கு நடத்தலாகாது என்று 2013-ல் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்மானித்தது. திரட்டிய பணம் பொதுவுக்கே உரியது. உறவினரும் நண்பரும் நிறைந்த குடும்பம் நூறு பெட்டி விற்கும். நேற்று வந்து குடியேறிய குடும்பம் யாரிடம் விற்கும்? இத்தீர்ப்பைப் பாரமாகக் கருதிச் சலித்துக்கொள்ளும் சங்கங்கள் உண்டு. நமக்கோ அது முற்றிலும் சரியெனவே படுகிறது.

பாஷை விஷயமும் இதைப் போன்றதே. ஆங்கிலம் நன்கறியாத பெற்றோர்க்குப் பள்ளி தன் செய்திகளை அவர்கள் அறியும் பாஷையில் தெரிவிக்கக் கடமைப்பட்டது என்பது 1964-ம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டத்தின்பாற்பட்ட கொள்கை. தாய்பாஷையின் உரிமைக்காக வாதாடிய நம்மவர் இதைப் படித்து மகிழலாம். ஆனால் சட்டம் பள்ளியின் தலைவாசலில் நின்றுவிட, பாண்டின் அவசரச் செய்திகள் ஆங்கிலத்தில் மட்டும் பறந்துகொண்டிருந்தால் என்ன பயன்?

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. பயிற்சி தொடங்குமுன் புதிய குடும்பங்களை மட்டும் அழைத்து ஒரு மாலை பேச வேண்டும். தொகையைச் சொல்லும் அதே மூச்சில், இயலாதவர் யாரிடம் தனிமையில் சொல்லலாம் என்பதையும் சொல்ல வேண்டும். வேறொரு காகிதத்தின் மூலையில் அன்று. ஒவ்வொரு புதிய குடும்பத்திற்கும் பழைய குடும்பமொன்றை முதல் பருவம் முடியுமட்டும் துணையாக ஏற்படுத்த வேண்டும். கூடுமானால் அதே பாஷை பேசுகிறவர்களை. துணையென்பது தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு மறைவதன்று. முதல் ஆட்டத்தின்போது மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து, 'அதோ, மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஐந்தாவது உங்கள் பெண்' என்று காட்டுவது. தொப்பியும் சீருடையும் அணிந்த அத்தனை பேரில் தன் பிள்ளையைத் தானே அடையாளம் காண முடியாமல் தவிப்பது புதிய தாயின் முதல் துக்கம்.

தொண்டிலும் அளவு வேண்டும். சனிக்கிழமையெல்லாம் வர முடியாதவருக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைக்கும் வேலை கொடுக்கலாம். கடிதம் மொழிபெயர்க்கும் வேலை கொடுக்கலாம். வந்த நாட்களை எண்ணிப் பெயர்ப் பலகையில் எழுதிவைக்கும் வழக்கத்தை நாம் ஆதரிக்க மாட்டோம். நவம்பரில் அணிவகுப்புப் பருவம் முடிந்து வாத்தியங்கள் உள்ளே போகும்போது, நடுவில் நின்றுவிட்ட பிள்ளைகள் யார் யார், ஏன் நின்றார்கள் என்று சங்கத்தார் ஒரு முறை வீடு தேடிச் சென்று விசாரிக்கட்டும். அடுத்த கோடைக்குரிய கடிதத்தை எழுதுவது அதற்குப் பிறகு ஆகலாம்.