நாணயத்தின் நாணயம்

நாணயம் என்னுஞ் சொல்லுக்குக் காசு என்றும் பொருளுண்டு, நேர்மை என்றும் பொருளுண்டு. கையாலே தொடவியலாது கணினிக் கணக்கில் மாத்திரம் வாழும் கிறிப்டோ நாணயங்கள் மலிந்த இக்காலத்தில், அவ்விரு பொருளும் ஒன்றிலே பொருந்தியுள்ளனவா என்று அறிவது எங்ஙனம்?

பலர் முதலில் நோக்குவது ஆளை. ஆளை நம்பினோர் அடைந்த கதியை வன்கொயின் வரலாறு காட்டும். 2014 ஆம் ஆண்டிற் பல்கேரியாவிலே தோன்றிய அம்முயற்சியின் தலைவி ருஜா இக்னாற்றோவா, சட்டத்துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர்; 2016 இல் இலண்டன் வெம்பிளி அரங்கிலே பெருங்கூட்டம் ஆரவாரிக்க மேடையேறியவர். அவர் விற்ற நாணயத்தின் விலை அரை யூரோவிலிருந்து ஏறத்தாழ 30 யூரோ வரை ஏறிற்று, ஒருபோதும் இறங்கவில்லை. வாங்கினோர் மகிழ்ந்தனர். ஐயம் பிறந்திருக்கவேண்டிய இடம் அதுவே! வாங்குவோரும் விற்போரும் கூடும் சந்தையில் விலை ஏறியும் இறங்கியுமே நிற்கும். மீன் வாங்கச் செல்பவரும் இதனை அறிவர். இங்கோ விலையைக் கம்பனியே குறித்தது. புதியவர்களைச் சேர்த்தோருக்குத் தரகுப்பணமும் கொடுத்தது.

பிட்கொயின் இதற்கு மாறானது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை இயக்கிவைத்த சதோஷி நகமோட்டோ யாரென்பதை உலகம் இன்றும் அறியாது. ஆயினும் கொடுக்கல் வாங்கல் யாவும் பதியப்படும் அதன் பேரேடு, எவரும் படியெடுத்துச் சரிபார்க்கத்தக்கதாய்த் திறந்து கிடக்கிறது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவ்வேட்டிற் புதிய பக்கமொன்று சேர்கிறது. முந்திய பக்கத்தின் முத்திரை அடுத்த பக்கத்திலே பொறிக்கப்படுவதால், பழைய கணக்கொன்றை மாற்ற முயல்வோன் பின்வந்த பக்கம் அனைத்தையும் மாற்றியாகவேண்டும். எவரும் சரிபார்க்கக்கூடிய அத்தகைய ஏடு வன்கொயினுக்கு இருக்கவில்லை. 2017 இல் இக்னாற்றோவா தலைமறைவானார். 2023 இல் அவருடைய பங்காளி கிறீன்வூட்டுக்கு நியூயோர்க் நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. மக்கள் இட்ட பணம் 400 கோடி டொலருக்கு மேல்.

ஏடு திறந்திருத்தல் மாத்திரம் போதுமோவெனின், போதாது. 2021 இல் ஸ்குவிட் என்னும் நாணயம், எவரும் பார்க்கத்தக்க ஏட்டிலே பதிவாகிய ஒன்றுதான், சில நாட்களுள் 2,800 டொலரைக் கடந்தது. வாங்குவதற்குத் தடையில்லை, விற்க முயன்றோரிற் பெரும்பாலோருக்கு வழி அடைபட்டிருந்தது. பின்னர் விலை சடுதியாக ஒன்றுமில்லாமற் போயிற்று. பெருந்தொகை இடுமுன் சிறுதொகைக்கு வாங்கி, அதனை மீள விற்று, பணம் கைக்கு வருகிறதா என்று பார்த்தவருக்கு அவ்வடைப்பு அன்றே புலப்பட்டிருக்கும்.