குடலுக்குள் ஒரு காவற்காரன்

வீட்டில் யாருக்காவது வயிற்று வலி வந்து விட்டால், முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுபவர் யார்? சமைத்தவர்தான்! "காரம் அதிகம்", "எண்ணெய் சரியில்லை" என்று ஆளுக்கு ஒரு தீர்ப்பு. 'பரம்பரையாக வருவது' என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லி விட்டாலோ, கேட்கவே வேண்டாம். "எங்கள் வம்சத்தில் கிடையாது, உன் பிறந்த வீட்டுச் சீதனம்தான் இது!" என்று வழக்கு திசை திரும்பி விடும்.

இந்தக் குற்றச்சாட்டுகளில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? கிரோன் வியாதி என்ற குடல் நோயை வைத்துக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

1932-ம் வருஷம் நியூயார்க் நகரின் மௌண்ட் ஸினாய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மூன்று டாக்டர்கள் இந்த வியாதியை விவரித்து எழுதினார்கள். ஆங்கில அகர வரிசையில் முதலில் நின்றவர் பரில் கிரோன். வியாதிக்கு அவர் பெயரே நிலைத்து விட்டது! குடல் சுவர் வீங்கிப் புண்ணாகும். வயிற்றுப் போக்கு, வலி, ஜுரம், உடல் மெலிவு எல்லாம் விட்டு விட்டு வரும். பெரும்பாலும் இளம் வயதிலேயே தலை காட்டும். ஆனால் இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது அல்ல.

நம் குடலில் கோடானு கோடி கிருமிகள் குடியிருக்கின்றன. பயப்படாதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை சாதுக்கள். ஜீரணத்துக்கு ஒத்தாசை செய்பவை. ஆனாலும் வாடகைக்கு இருப்பவர்கள் சுவர் ஏறிக் குதிக்கக் கூடாதல்லவா? அதற்காகவே நம் உயிரணுக்களுக்குள் காவற்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு 'நாட்-2' என்று பெயர். கிருமியின் உறையிலுள்ள ஒரு சிறு துணுக்கைக் கண்டதும், 'வந்து விட்டான்!' என்று குரல் கொடுப்பது இவன் உத்தியோகம்.

2001-ம் வருஷம் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சி செய்த இரு கோஷ்டியார், கிரோன் நோயாளிகள் பலரிடம் இந்தக் காவற்காரனை உருவாக்கும் ஜீனில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

ஜீன் என்பது சமையல் குறிப்பு மாதிரி; மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. 'கடுகு மிளகு இஞ்சி பூண்டு' என்று ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கடுகுக்குப் பிறகு 'ப' என்ற ஓர் எழுத்து தவறி நுழைந்து விட்டால், மூன்று மூன்றாகப் படிக்கும்போது என்ன ஆகும்? 'கடுகு பமிள குஇஞ் சிபூண்'! நாட்-2 ஜீனில் நேரும் பிழைகளில் ஒன்று இதே ரகம்தான். 1,040 கண்ணிகளாலான சங்கிலியாக அமைய வேண்டிய காவற்காரன், கடைசி 33 கண்ணிகள் இல்லாமல் அரைகுறையாகப் பிறக்கிறான். கிருமித் துணுக்கு எதிரே வந்து நின்றாலும் அவனுக்கு அடையாளம் தெரிவதில்லை. அவன் அசந்திருக்கும்போது கிருமிகள் சுவரை நெருங்க, பிறகு விழித்துக் கொள்ளும் மற்றக் காவலர்கள் கண்மண் தெரியாமல் தடியடி நடத்துவதால் குடல் புண்ணாகிறது என்று நிபுணர்கள் கருதுகிறார்கள்.

சரி, பிழையுள்ள குறிப்பைக் கொடுத்தது யார்? ஒவ்வொருவரிடமும் இதற்கு இரண்டு பிரதிகள் உண்டு: அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஐரோப்பிய வம்சத்தாரை ஆராய்ந்ததில், ஒரு பிரதியில் பிழை இருந்தால் வியாதி வரும் வாய்ப்பு 2 முதல் 4 மடங்கு என்றும், இரண்டிலும் இருந்தால் 10 மடங்குக்கும் மேல் என்றும் தெரிய வந்தது. ஆகவே, பிறந்த வீட்டை மட்டும் குற்றம் சொல்ல வழியில்லை. புகுந்த வீடும் சரி பாதிப் பங்காளி!

மடங்குக் கணக்கைக் கேட்டு மலைத்து விடாதீர்கள். பிழை உள்ளவர்களிலும் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். ஒரே அச்சான இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதும் சகஜம். இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். இந்தப் பிழைகள் நம் நாட்டில் மிக அபூர்வம். இருந்தும் இங்கே வியாதி பெருகி வருகிறது! வேறு பல ஜீன்களும், வாழ்க்கை முறையும் சேர்ந்தே இதை நடத்துகின்றன. சிகரெட் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது நிச்சயம். ஆனால் ஒரு நாள் சாம்பாரில் காரம் தூக்கியதால் இந்த வியாதி பிறந்து விடுவதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. வாரக் கணக்கில் வயிற்றுப் போக்கு, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், குழந்தை வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமை, இவற்றைக் கண்டால் கஷாயத்தோடு நின்று விடாதீர்கள். நம் நாட்டில் குடலில் வரும் க்ஷய ரோகமும் அசல் இதே வேஷத்தில் வரும். கிரோனுக்கான சில மருந்துகள் க்ஷயத்தை முற்றச் செய்து விடும். எனவே சோதனை செய்து, இன்னதென்று தெளிந்த பிறகே சிகிச்சை. கிரோன் வியாதியை அடியோடு ஒழிக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் அதை அடக்கி வைத்துப் படிக்கவும், வேலைக்குப் போகவும், பிள்ளை பெற்று வளர்க்கவும் வழி செய்யும் மருந்துகள் பல இருக்கின்றன.

யார் குற்றம் என்று வழக்காடி முடிக்கிற நேரத்தில், டாக்டர் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்து விடலாம்!